பல்லீறும் நீரிழிவும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழில் ‘ஈறு’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. பற்களைப் பற்றி நிற்கும் தசை ஒன்று. முடிவு என்பது மற்றொன்று. முதற்பொருளில் ஈழத்துத் தமிழர் ‘முரசு’ என்பர். நாம் குடியேறி வாழும் இத்திருவனந்தபுரத்து மலையாள மக்கள் ‘மோண’ என்பர். சொல் எதுவாயினும் அதனைப் பற்றிய எண்ணம் நம் குடும்பங்களில் ஒன்றே. ஈற்றில் குருதி கசிந்தால் உப்புநீரால் கொப்பளிப்போம். பல் ஆடினால் வயதாயிற்று என அமைதி கொள்வோம். விழுந்தால் பொய்ப்பல் கட்டிக்கொள்வோம். கண் மங்கினால் அஞ்சுகின்றோம். காலிற் பட்ட புண் ஆறாவிடில் அஞ்சுகின்றோம். ஈறு அழுகினால் மட்டும் நாம் அஞ்சுவதில்லை.

இவ்வஞ்சாமை நமக்கு எங்ஙனம் வந்தது என்பதனை வரலாற்று வழிநின்று காண்பது இக்கட்டுரையின் நோக்கம். யாம் மருத்துவர் அல்லோம். நடுவணரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிப்பவர். ஆயினும் இவ்வரலாறு, ஒரே கோப்பினை இரு துறையினர் இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் காட்டாமலே நூறாண்டுக்கு மேல் கழித்த வரலாறாகும். அத்தகைய கதை எம்மனோர்க்கு எளிதில் விளங்கும்.

நீரிழிவு உடையோர்க்கு ஈற்றுநோய் மிகும் என்பது பலர் அறிந்த செய்தி. ஈற்றுநோயை முறையாகத் தீர்த்தால் நீரிழிவும் ஓரளவு அடங்கும் என்பது பலர் அறியாத செய்தி. இப்பின்னதே நமக்கு வேண்டுவது. ஏனெனில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் நடத்தப்பெற்று 2023ஆம் ஆண்டு வெளியிடப்பெற்ற பெருங்கணக்கெடுப்பின்படி, இருபதும் அதற்கு மேலும் வயதுடைய இந்தியருள் நூற்றுக்கு 11.4 பேர் நீரிழிவு உடையவர். கேரளத்திலோ நூற்றுக்கு 25.5 பேர். நாலில் ஒருவர்! இந்நாட்டு நீரைக் குடித்து, இந்நாட்டு அரிசியை உண்டு, இந்நாட்டு அலுவலகங்களில் அமர்ந்தே பணியாற்றும் தமிழ்க் குடும்பங்கள் இக்கணக்கிற்குப் புறம்பானவை அல்ல.

பண்டையோர் கண்டது

நீரிழிவு நம் நாட்டுக்குப் புதியதன்று. சிறுநீர் தேனென இனித்தலால் ‘மதுமேகம்’ எனப் பெயர்பெற்ற இந்நோயினை ஆயுர்வேத நூலோர் இருபது வகை மேகங்களுள் ஒன்றாக வைத்தனர். கபத்தாற் பத்து, பித்தத்தால் ஆறு, வாதத்தால் நான்கு என்பது அவர்தம் கணக்கு. சித்த மருத்துவரும் மேகநீர் இருபது என்றே எண்ணுவர். மேலைநாட்டிலோ, 1776ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் நகர மருத்துவர் மாத்தியூ டாப்சன் நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, எஞ்சியது சர்க்கரையே எனக் காட்டிய பின்னர்தான் இவ்வினிமைக்கு வேதியியற் சான்று கிடைத்தது.

ஈண்டு நம் கருத்தை ஈர்ப்பது வேறொரு குறிப்பு. சுசுருதர் மேகநோய் தோன்றுமுன் உடலிற் காணும் குறிகளை அடுக்கிச் சொல்கின்றார். உள்ளங்கை, உள்ளங்கால்களில் எரிச்சல், நீர்வேட்கை, சோர்வு ஆகியவற்றோடு, மூச்சில் தீநாற்றம் வீசுதலையும், அண்ணம், தொண்டை, நா, பல் ஆகிய இடங்களில் அழுக்குப் படிதலையும் அவர் சேர்த்துள்ளார். பிற்காலத்து மாதவ நிதானமும் பற்களில் அழுக்கு மிகுதலை இந்நோயின் முன்னறிகுறியாகக் கூறுகின்றது. கேரள வைத்தியர் தலைமேற்கொண்டு போற்றும் அட்டாங்க இருதயமும் வாய் இனித்தலையும், தொண்டையும் அண்ணமும் வறளுதலையும் குறிக்கின்றது. மேலும், வாய்நோய்கள் அறுபத்தைந்து என வகுத்த சுசுருதர் அவற்றுள் பதினைந்தினைப் பல்லடிக்கே உரியனவாக்கினார். ஈறு வீங்குதல், சீழ் பிடித்தல், பல் அசைதல் யாவும் அவற்றுள் அடங்கும்.

இவற்றைக் கண்டு, இக்கால மருத்துவம் சொல்வதனைத்தும் நம் முன்னோர் அறிந்ததே என மார்தட்டுதல் எமக்கு உடன்பாடன்று. அவர்கள் வாயில் கண்டது நோயின் குறி. நோயை வளர்க்கும் காரணம் அன்று. ஆயின், மேகநோயாளியைக் காணும் வைத்தியர் அவன் வாயைத் திறந்து பார்த்தார் என்பது மட்டும் உறுதி. பின்வந்த காலத்தில் இழந்தது அந்தப் பழக்கத்தைத்தான்.

பல் பிடுங்கிய காலம்

இழப்பின் தொடக்கத்தை 1840 என்று குறிக்கலாம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அவ்வாண்டு உலகின் முதற் பல்மருத்துவக் கல்லூரி தோன்றியது. அது மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக அன்றித் தனி நிறுவனமாகவே தோன்றிற்று. அன்று முதல் வாய் ஒருவர்க்கும் உடல் மற்றொருவர்க்கும் உரியவாயின. நம் நாட்டிலும் 1920இல் கல்கத்தாவில் மருத்துவர் ஆர். அகமது நிறுவிய முதற் பல்மருத்துவக் கல்லூரி தனிக் கல்லூரியே; 1948இல் இயற்றப்பெற்ற பல்மருத்துவர் சட்டமும் தனிச் சட்டமே. துறை தனித்து வளர்ந்ததனால் வந்த நன்மைகள் பல. ஆயினும், கோப்பு இரண்டாயிற்று.

ஈற்றுநோயைப் பல்லைப் பிடுங்காமலே, வேரைச் சுரண்டித் தூய்மை செய்து தீர்க்கலாம் என்று வற்புறுத்தியவர் அமெரிக்கப் பல்மருத்துவர் ஜான் ரிக்ஸ். 1844ஆம் ஆண்டு ஒரேஸ் வெல்ஸ் என்பார் நகைப்பூட்டும் வாயுவை உட்கொண்டு வலியறியாமல் தம் பல்லைப் பிடுங்கச் செய்தார் என்று மயக்கமருந்தின் வரலாற்றில் படிக்கின்றோமன்றோ, அப்பல்லைப் பிடுங்கியவரும் இவரே! அவர் பெயராலேயே ‘ரிக்ஸ் நோய்’ என நெடுங்காலம் வழங்கப்பெற்றதுதான் நம் வீடுகளில் ‘பயோரியா’ என்று பெயர் பெற்ற நோய்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை தலைகீழாயிற்று. இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1910இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆற்றிய உரையில், வாயில் தங்கிய சீழே உடலின் பற்பல நோய்களுக்கு வித்து என முழங்கினார். சிகாகோவின் ஃபிராங்க் பில்லிங்ஸ் முதலியோர் அதனை வழிமொழிந்தனர். விளைந்தது யாது? மூட்டுவலிக்கும் பல்லைப் பிடுங்கினர். வயிற்று வலிக்கும் பிடுங்கினர். நியூஜெர்சி மாநிலத்து மனநோய் மருத்துவமனையொன்றில் ஹென்றி காட்டன் என்னும் மருத்துவர் சித்தம் தெளிவிக்கவென்றே நோயாளிகளின் பற்களை வரிசையாகப் பிடுங்கினார். ஒரு கொள்கை உண்மையின் ஒரு துணுக்கைக் கைப்பற்றிக்கொண்டு எத்துணைத் தொலைவு தவறான வழியில் ஓடக்கூடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

1938ஆம் ஆண்டு செசில், ஆஞ்சிவைன் என்னும் இருவர், முடக்குவாத நோயாளர் இருநூற்றுவரை ஆராய்ந்து, பல்லும் தொண்டைச்சதையும் நீக்கியதனால் அவர்க்குப் பயனொன்றும் விளையவில்லை எனக் காட்டினர். அத்தோடு கொள்கை சரிந்தது. சரிந்தபோது நியாயமான பகுதியும் உடன் சரிந்தது. வாயிலுள்ள புண் உடலைத் தாக்கும் என்று பேசுதலே பிற்போக்காகக் கருதப்பெற்றது. இதற்கிடையில் 1921, 1922ஆம் ஆண்டுகளில் டொரோண்டோவில் இன்சுலின் கண்டறியப்பெற்று நீரிழிவு மருத்துவம் பெருவெற்றி கண்டது. ஊசி கிடைத்தபின் ஈற்றை நோக்குவார் யார்? சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய 1948ஆம் ஆண்டில் உலகெங்கும் நிலவிய மனநிலை இதுவே.

1960இல் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. வில்லியம்ஸ், மாகன் என்னும் அமெரிக்கர் இருவர், நீரிழிவும் முற்றிய ஈற்றுநோயும் ஒருங்கே உடைய இளைஞர் ஒன்பதின்மர்க்கு வாய்நோயைத் தீர்த்தனர். ஒன்பதின்மருள் எழுவர்க்கு நாள்தோறும் வேண்டிய இன்சுலின் அளவு குறைந்தது. ஒன்பது பேர் என்பது மிகச் சிறு தொகை. ஒப்பிட்டு நோக்க எதிர்க்குழுவும் இல்லை. ஆகவே அக்கட்டுரை அலமாரியில் உறங்கியது. எனினும், மூடிய கோப்பில் ஒரு தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது எனலாம்.

மலையகத் தமிழர் வாயில் எழுதிய வரலாறு

ஆய்வாளர்க்கு முதலில் வேண்டியிருந்தது வேறொரு வினாவுக்கு விடை. ஈற்றுநோயை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால் அது எவ்வளவு விரைவில், எவரிடத்தில், எங்கே சென்று முடியும்? அதற்கு விடை கிடைத்த இடம் தமிழராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய இடம். ஆயினும் நம்மவருள் அறிந்தார் அரியர்.

நார்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்னும் பேராசிரியர் 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஓர் எளிய சோதனை நடத்தினார். நல்ல ஈறுடைய பன்னிருவரைப் பல் விளக்குவதை நிறுத்தச் சொன்னார். பத்து முதல் இருபத்தொரு நாள்களுக்குள் அனைவர்க்கும் ஈறு அழன்றது. மீண்டும் விளக்கத் தொடங்கியபின் ஏறத்தாழ ஒரு கிழமையில் ஆறியது. பல்மேற் படியும் நுண்ணுயிர்ப் படலமே ஈற்றழற்சிக்குக் காரணம் என்பது இதனால் ஐயந்திரிபற நிறுவப்பெற்றது.

அடுத்து நெடுங்கால ஆய்வு. 1969இல் ஆஸ்லோ நகரத்து மாணவரும் ஆசிரியருமாக 565 ஆடவரை அவர் குழுவினர் தெரிந்தெடுத்தனர். இவர்கள் இளமை முதலே பல்மருத்துவரிடம் ஒழுங்காகச் சென்று வளர்ந்தவர். இவர்க்கு நேர்மாறான ஒரு குழுவும் வேண்டும். 1970இல் அக்குழு கிடைத்தது. இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாப் பகுதியின் டன்சினன், ஹரோ என்னும் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் 480 பேர், பதினான்கு முதல் முப்பத்தொன்று வரை வயதுடைய ஆடவர். திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி என்று நம் ஊர்களிலிருந்து சென்ற முன்னோரின் வழியினர். பல்மருத்துவம் என்பது அவர் வாழ்வில் எட்டியும் பார்த்ததில்லை. தூரிகை கொண்டு பல் விளக்கும் வழக்கமும் இல்லை.

1985 வரை பதினைந்து ஆண்டுகள் அவர்தம் வாய்கள் மீண்டும் மீண்டும் அளக்கப்பெற்றன. ஆஸ்லோ ஆடவர் நாற்பது வயதை அணுகுகையில் ஈறும் எலும்பும் பல்வேரை விட்டு விலகிய அளவு சராசரி ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் நின்றது. தோட்டத் தமிழரிடத்து அது நாலரை மில்லிமீட்டர் அளவாயிற்று. 1986இல் வெளியான கட்டுரையில் அத்தொழிலாளரை மூவகையாகப் பிரித்தனர். நூற்றுக்கு எட்டுப் பேரிடம் நோய் பாய்ந்து சென்றது. எண்பத்தொருவரிடம் நிதானமாக நடந்தது. பதினொருவரிடமோ ஈற்றழற்சியைத் தாண்டி ஓரடியும் எடுத்துவைக்கவில்லை. முதல் வகையினர் முப்பத்தைந்து வயதில் பன்னிரண்டு பற்களையும், நாற்பதில் இருபது பற்களையும், நாற்பத்தைந்தில் எல்லாப் பற்களையும் இழந்தனர். நடுவகையினர் நாற்பத்தைந்து வயதில் சராசரி ஏழு பற்களை இழந்தனர். மூன்றாம் வகையினர்க்கு இழப்பு இல்லையென்றே கூறலாம்.

இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே தோட்டம், ஒரே லயன், ஒரே உணவு, பல்மேல் ஒரே வகை அழுக்கு. முடிவு மட்டும் மூன்று. ஆகவே அழுக்கு மட்டுமே நோயன்று. அழுக்கினை உடல் எதிர்த்து நிற்கும் திறனே நோயின் வேகத்தை வகுக்கின்றது என்பது புலனாயிற்று. அத்திறனைக் குலைப்பவை எவை என்ற தேடலில் முன்னே வந்து நின்றவை இரண்டு: புகைபிடித்தல் ஒன்று, கட்டுக்கடங்காத நீரிழிவு மற்றொன்று. தோட்டத் தொழிலாளரிடம் லோ நீரிழிவை ஆராயவில்லை. எனினும், நீரிழிவுக்கும் ஈற்றுக்கும் உள்ள உறவை அளப்பதற்கு வேண்டிய அடித்தளம் அவர்தம் வாயில்தான் இடப்பெற்றது.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லாமலிருக்க இயலவில்லை. ‘நோயின் இயற்கை வரலாறு’ என்பது அவ்வாய்வின் தலைப்பு. தடுப்பாரின்றி நோய் தானே நடந்து செல்லும் வழி என்பது அதன் பொருள். உலகப் பல்மருத்துவ நூல்களிலெல்லாம் எடுத்தாளப்பெறும் அந்த 480 பேரும் அங்கே எண்களாகவே உள்ளனர். அவர்கள் வாழ்ந்த காலமும் நிலையான காலமன்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்திருந்தது. அவ்வாறு திரும்பிய குடும்பங்களுக்கு வாழ்வளிக்கவே, நமக்கு அண்மையிலுள்ள புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு குளத்துப்புழை, ஆயிரநல்லூர்ப் பகுதிகளில் இரப்பர்த் தோட்டங்கள் அமைந்தன. மலையகத்து ஆய்வுக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2010இல், முதற்குழுவினரைத் தேடிச் சென்றபோது 75 பேரே மீண்டும் ஆராயக் கிடைத்தனர்.

ஆறாவது கேடு

அதே லோ 1983இல் அமெரிக்க அரசின் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்திற்குத் தலைவரானார். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கீலா ஆற்றங்கரையில் வாழும் பீமா என்னும் பழங்குடி மக்களிடையே நீரிழிவு உலகிலேயே மிகுதியாகக் காணப்பெற்றது. அவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1993இல் லோ எழுதிய கட்டுரை, ஈற்றுநோயினை நீரிழிவின் ‘ஆறாவது சிக்கல்’ என்று பெயரிட்டது. கண், சிறுநீரகம், நரம்பு, பெருங்குருதிக் குழாய், ஆறாத புண் ஆகிய ஐந்தனோடு ஆறாவதாக ஈறு வந்து அமர்ந்தது. இவ்வாறு, பிரிந்த கோப்புகள் இரண்டும் ஒரு மேசைக்கு வந்தன.

1996இல் அதே மக்களிடம் மறுபக்கமும் தெரிந்தது. முற்றிய ஈற்றுநோய் உடையவரிடம் பின்னாளில் சர்க்கரை கட்டுமீறும் வாய்ப்பு மிகுதியாயிருந்தது. 2005இல் வெளியான ஆய்வொன்று, முப்பத்தைந்து வயதைக் கடந்த நீரிழிவாளர் 628 பேரைப் பல்லாண்டு பின்தொடர்ந்து, முற்றிய ஈற்றுநோய் உடையோர் இதயத்தாலும் சிறுநீரகத்தாலும் இறக்கும் வாய்ப்பு மற்றவரினும் மும்மடங்கினும் சற்றே மிகும் எனக் கண்டது.

இஃது எங்ஙனம் நிகழ்கின்றது? பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையே இயல்பாக ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் ஆழமுள்ள சிறு பிளவு உண்டு. பற்படலம் அங்கே தங்கி இறுகிக் காரையாகும்போது பிளவு பையாக ஆழ்கின்றது. பையின் உட்புறம் புண்பட்டுக் கிடக்கின்றது. வாய் முழுதும் பரவிய நோயில் அப்புண்ணின் பரப்பு எட்டு முதல் இருபது சதுர சென்டிமீட்டர் வரை இருக்கும் எனக் கணித்துள்ளனர். புறங்கையில் அத்துணைப் பெரிய புண் ஓராண்டாக ஆறாமல் இருந்தால் நாம் வீட்டில் இருப்போமா? ஈற்றில் இருப்பதனால் காண்பதில்லை, வலிக்காததனால் கேட்பதுமில்லை. அப்புண்ணிலிருந்து நுண்ணுயிர்களும் அழற்சிப் பொருள்களும் ஓயாது குருதியிற் கலக்கின்றன. அழற்சிப் பொருள்களுள் சில இன்சுலினின் ஏவலைத் தசையும் ஈரலும் ஏற்காதவாறு தடுக்கின்றன. சர்க்கரை ஏறுகின்றது. ஏறிய சர்க்கரை வெள்ளணுக்களின் திறனைக் கெடுத்து, நுண்குழாய்களைத் தடிக்கச் செய்து, ஈற்றுப்புண்ணை ஆறவொட்டாமல் வைக்கின்றது. ஒன்று மற்றொன்றுக்கு நெய் வார்க்கும் இரு தீ இவை.

ஆயின், ஈற்றுத் தீயை அணைத்தால் மற்றது தணியுமா? இங்கேதான் வரலாறு நேர்வழியிற் செல்லவில்லை. 1997இல் பீமா மக்கள் 113 பேரிடம் நடந்த சோதனையில், தூய்மை செய்ததோடு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் பெற்றவர்க்கு மூன்றாம் மாதத்தில் சர்க்கரை குறைந்தது. ஆறாம் மாதத்தில் பழைய நிலைக்கு ஏறியது. 2013இல் அமெரிக்காவில் 514 பேரைக் கொண்டு நடத்திய பெரிய சோதனை, ஆறு மாதத்திற்குப் பின் பயனொன்றும் இல்லை என்றே அறிவித்தது. மருத்துவ உலகில் பெருஞ்சலசலப்பு எழுந்தது. அச்சோதனையில் சிகிச்சைக்குப் பின்னும் பலர் வாயில் படலமும் குருதிக்கசிவும் எஞ்சியிருந்தன. நோய் தீராத வாயைக் கொண்டு, தீர்த்தலின் பயனை அளப்பது எங்ஙனம் என்று எதிர்த்தரப்பார் வினவினர். அவ்வினா நியாயமானதே என்பது எம் கருத்து. அரைகுறையாகச் செய்த பணி பயன்தரவில்லை என்பது அலுவலகத்திலும் நாம் காண்பதுதானே.

2018இல் இலண்டனில் 264 நோயாளரைக் கொண்டு நடந்த சோதனை இதற்கு விடை பகர்ந்தது. ஒரு சாரார்க்கு மேலோட்டமான தூய்மை மட்டும். மறுசாரார்க்கு ஈற்றின் அடிவரை தூய்மை, வேண்டுவோர்க்கு அறுவை, மும்மாதத்துக்கு ஒருமுறை தொடர்கவனிப்பு. ஓராண்டின் இறுதியில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு பின்னவர்க்கு 0.6 விழுக்காடு குறைவாக இருந்தது. 2022இல் காக்ரேன் என்னும் ஆய்வுத்தொகுப்பு அமைப்பினர் 35 சோதனைகளில் பங்குகொண்ட 3,249 பேரின் விவரங்களைச் சேர்த்து நோக்கி, ஈற்றுச் சிகிச்சையால் அவ்வளவு மூன்று நான்கு மாதங்களில் 0.43 விழுக்காடும், ஆறு மாதத்தில் 0.30 விழுக்காடும் குறைவதாகக் கண்டனர்.

அரைக்கும் குறைந்த இத்தொகை அற்பமன்றோ எனத் தோன்றலாம். நீரிழிவுக்கு ஒரு மாத்திரை உண்பவர்க்கு இரண்டாம் மாத்திரையைச் சேர்த்தால் கிட்டும் பயனோடு பலர் இதனை ஒப்பிடுவர். இங்கிலாந்தில் பல்லாண்டு நடந்த பெருஞ்சோதனையின் விவரங்களிலிருந்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கின்படி, இவ்வளவு ஒரு விழுக்காடு குறையுந்தோறும் கண், சிறுநீரகம் முதலிய நுண்குழாய்க் கேடுகள் நூற்றுக்கு 37 பங்கு குறைகின்றன. அரை விழுக்காட்டின் மதிப்பை இதனால் உணரலாம். எனினும், பல்லைத் தூய்மை செய்துவிட்டோம், இனி மாத்திரை வேண்டா என்று எவரும் நிறுத்திவிடலாகாது. இது மருந்துக்குத் துணை, மாற்று அன்று.

நம்மூரில்

2017இல் மாட்ரிட் நகரில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பும் ஐரோப்பிய ஈற்றுமருத்துவக் கூட்டமைப்பும் ஒருங்கு கூடி, நீரிழிவு கண்டவுடனேயே ஒருவர்க்கு ஈற்றுச் சோதனையும் செய்யப்பெற வேண்டும் என்று முடிவு கண்டன. அடுத்த ஆண்டில் அம்முடிவு நூல்வடிவில் வெளிவந்தது. திருவனந்தபுரத்தில் இதனை நடைமுறைப்படுத்துதல் அரிதன்று. 1951இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் 1959இல் தொடங்கிய அரசு பல்மருத்துவக் கல்லூரியும் இங்கே ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே செல்லலாம். அந்நடையை நடக்க வேண்டியவர் நோயாளியே. ஏனெனில், கண்ணையும் காலையும் காட்டச் சொல்லும் சீட்டில் ஈற்றைக் காட்டச் சொல்லும் வரி பெரும்பாலும் இருப்பதில்லை. வறிய முதியோர்க்கு இலவசப் பொய்ப்பல் வழங்கக் கேரள அரசு ‘மந்தஹாசம்’ என்றொரு திட்டம் கொணர்ந்தது. நல்ல திட்டமே. ஆயின் பல் விழுந்தபின் வரும் திட்டம் அது.

நம் வீட்டுப் பெரியோர் பல்மருத்துவரிடம் செல்லத் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. ‘சுரண்டினால் பல் ஆடிவிடும்’ என்பது அவற்றுள் முதன்மையானது. இது முற்றிலும் கற்பனையன்று. நெடுநாள் படிந்த காரை, ஆடும் பற்களைச் சுவர்ப்பூச்சுப் போல் பிணைத்து வைத்திருக்கும். அதனை நீக்கி, ஈற்றின் வீக்கமும் வடிந்தபின், இடைவெளி தோன்றும், பல் கூசும், அசைவதாகவும் தோன்றும். பல்லை ஆட்டியது கருவியன்று. காரைக்கு அடியில் முன்னரே கரைந்துபோன எலும்பு. சில கிழமைகளில் ஈறு இறுகி வேரைப் பற்றுகின்றது. மற்றொரு தயக்கம், ‘சர்க்கரை உள்ளவன் பல்லில் கைவைக்கலாமா’ என்பது. சர்க்கரை மிக ஏறியிருக்கும்போது அவசரமற்ற அறுவையைத் தள்ளிவைப்பர். தூய்மை செய்வதற்கு அத்தடை இல்லை. காலை உணவையும் மாத்திரையையும் வழக்கம்போல் கொண்டு, மருத்துவரிடம் நீரிழிவு உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும். ஈற்றின் மேலும் கீழும் தூய்மை செய்தல் பெரும்பாலும் இரண்டு மூன்று வருகையில் முடியும். பின்னர் ஆறெட்டுக் கிழமை கழித்துப் பையின் ஆழத்தை மீண்டும் அளந்து பார்ப்பர். அவ்வாறு அளக்காமல் விடுவது கூட்டிய கணக்கைச் சரிபாராமல் விடுவது போன்றதே.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பழகிய முன்னோரும், உமிக்கரி கொண்டு விளக்கிய இந்நாட்டு மக்களும் பல்லின் முகத்தைப் பளிங்கெனத் துலக்கினர். பல்லிடுக்கில் குச்சியும் புகாது, கரியும் புகாது, இன்றைய தூரிகையும் முற்றப் புகாது. மலையகத்து ஆய்வில் ஈறு விலகியதை அளந்து கண்டதும் அவ்விடுக்கில்தான். அதற்கென விற்கும் சிறு தூரிகையோ நூலோ இரவில் ஒருமுறை பயன்படுத்துவதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

தமிழ்ச் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் ஞாயிறுதோறும் ஆங்காங்கே மருத்துவ முகாம்கள் நடத்துகின்றன. விரல்நுனியில் ஒரு துளி குருதி எடுத்துச் சர்க்கரை பார்ப்பதற்கு வரிசை வாயில்வரை நிற்கும். குருதி எடுக்கும் மேசைக்கு அருகில் பல்மருத்துவர் ஒருவர்க்கு ஒரு நாற்காலியும் ஒரு விளக்கும் போட்டால், அதே வரிசை இரண்டடி நகர்ந்து அவரிடமும் வாயைக் காட்டிவிட்டுச் செல்லும்.